நீலத் தட்டும் பச்சைத் தட்டும்

செய்தி வந்தபோது காலை மணி பதினொன்று இருபது. கல்லூரி நூலகத்தில், திரும்பி வந்த புத்தகங்களுக்கு அவள் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து மைப்பெட்டியில் முட்டி நின்றது. திரையில் 'மெழுகு' என்று காட்டியது. மெழுகு அவள் கணவரோடு ஒரே மேசையில் வேலை செய்பவர். வேலை நேரத்தில் போனைத் தொடாத மனிதர்.

"அண்ணி, கொஞ்சம் ஆஸ்பத்திரிக்கு வர முடியுமா?"

"என்ன ஆச்சு?"

"அண்ணன் வேலை பாத்துட்டே இருந்தாரு. அப்படியே மேசையில சாஞ்சுட்டாரு."

"பேசறாரா?"

மறுமுனையில் ஏதோ வண்டியை உருட்டிப் போகும் சத்தம் கேட்டது.

"நீங்க வாங்க அண்ணி."

பேசுகிறாரா என்று கேட்டால் ஆமாம் என்பார்கள், இல்லை என்பார்கள். வாங்க என்பது எதற்குப் பதில்? கையில் மிச்சமிருந்த இரண்டு புத்தகங்களுக்கும் முத்திரை குத்திவிட்டுத்தான் அவள் எழுந்தாள். அந்த அரை நிமிடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தோம் என்று இன்றுவரை அவளுக்கு நினைவில்லை.

போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். ஐம்பத்தோரு வயது. நாலு மாடி ஏறினாலும் மூச்சு வாங்காத ஆள்.

அவர் பல் கட்டுபவர். பல் டாக்டர் இல்லை. கல்யாணமான புதிதில் இந்த வித்தியாசத்தை அவள் தன் சொந்தக்காரர்களுக்குச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள். டாக்டர் நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லி அச்செடுப்பார். அந்த அச்சும் கூடவே ஒரு சீட்டும் லேபுக்கு வரும். ஒரு மருந்துக்கடைக்கு மேல், குறுகலான படி ஏறிப் போனால் இரண்டு அறை. அதுதான் லேப். அச்சில் பிளாஸ்டர் ஊற்றித் தாடை எடுப்பது, மெழுகில் ஈறு கட்டுவது, அதில் பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவது, பிறகு வார்த்து, தேய்த்து, மெருகேற்றுவது. இருபத்தேழு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் வாய்களுக்குப் பல் கட்டினார். அந்த வாய்களில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பஸ்ஸில் எதிரே ஒரு பெரியவர் சிரித்தால் இவர் அவள் காதருகே குனிந்து, "நம்ம வேலை மாதிரி இருக்கு. அந்தக் கோரைப்பல்லை நான்தான் கொஞ்சம் சாய்ச்சு வெச்சேன்" என்பார். ஏன் சாய்க்க வேண்டும் என்று ஒருமுறை அவள் கேட்டாள். "எல்லாம் நேரா இருந்தா பொய்ன்னு தெரிஞ்சுடும்" என்றார்.

மெழுகுக்கு அந்தப் பெயர் வந்தது மெழுகு வேலை அவர் கையில் இருந்ததால் மட்டுமில்லை. ஒரு வார்த்தை சூடாகச் சொன்னால் உருகிவிடுவார். இருவரும் இருபது வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்த்தார்கள். சண்டை வந்ததே இல்லை. சண்டை போட ரெண்டு பேர் வேண்டும் என்பார் அவள் கணவர். இங்கே ஒருத்தன் பேசமாட்டான், இன்னொருத்தன் அழுதுவிடுவான்.

லேபில் அவர் வைத்ததுதான் சட்டம். ஆரம்ப காலத்தில் ஒருமுறை இரண்டு கேஸ்கள் ஒரே தட்டில் கலந்துபோயின. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவருக்குப் போகவேண்டிய கீழ்ப்பல் செட் யாரோ ஒரு அம்மாளுக்குப் போய்விட்டது. டாக்டர் போனில் வாங்கு வாங்கென்று வாங்கினார். அதன் பிறகு இவர் கலர் கலராகப் பிளாஸ்டிக் தட்டுகள் வாங்கி வந்தார். ஒரு தட்டில் ஒரு கேஸ். ஒரு தட்டின் சீட்டு இன்னொரு தட்டின் பக்கம் எட்டிப் பார்க்கக்கூடாது. ஒரு டாக்டரின் கேஸைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் மூச்சு விடக்கூடாது. அப்புறம் சீட்டு. சீட்டில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் வேலை. போனில் கூப்பிட்டு, "அந்த மேல் பல்லைக் கொஞ்சம் குட்டையா வெச்சுடுங்க" என்று எந்த டாக்டர் சொன்னாலும், "எழுதி அனுப்புங்க சார்" என்று வைத்துவிடுவார்.

"வாய்ச்சொல்லுக்கு வேலை பார்த்தா, நாளைக்கு 'நான் எப்ப சொன்னேன்'னு நிப்பாங்க" என்பார் வீட்டுக்கு வந்து.

சீட்டுகள் வந்த வரிசையில் ஒரு கிளிப்பில் கோத்திருக்கும். அந்த வரிசையை மாற்ற ஆண்டவனே வந்தாலும் ஆகாது. அவருடைய சொந்த அக்காவுக்கே ஆகவில்லை.

அந்த அக்காவுக்கு அறுபத்து மூன்று வயது. பல் போனால் சொல் போச்சு என்பார்கள். இந்த அம்மாளுக்குக் கீழ்ப்பல் மொத்தமும் போன பிறகுதான் சொல் கூடியது. டாக்டரிடம் அச்சுக் கொடுத்துவிட்டு வந்தவர், தம்பியின் வீட்டு நாற்காலியில் சட்டமாக உட்கார்ந்துகொண்டு கேட்டார்.

"ஊருக்கெல்லாம் பல்லு கட்டறான். கூடப் பொறந்தவளை மூணு வாரம் பொக்கை வாயோட அலைய விடறான். நல்லா இருக்காடா இது?"

"வரிசையில உனக்கு முன்னாடி பதினெட்டு பேரு இருக்காங்கக்கா."

"அவங்கள்ல யாரு உனக்குச் சின்ன வயசுல மூக்கு துடைச்சு விட்டது?"

"அது சீட்டுல இல்லையே."

அவர் சிரிக்காமல் சொன்னார். அக்காவும் அவளும் சிரித்தார்கள். அக்காவின் சிரிப்பில் கீழே வெறும் ஈறு தெரிந்தது.

அவருக்குத் தூக்கம் கெட்டது அதற்குப் பல மாதம் முன்பு. பல் தேய்க்கும் மோட்டார் கொசு ரீங்காரம்போலக் கத்தும். இருபத்தேழு வருஷம் அந்தச் சத்தத்தைக் காதோடு வைத்திருந்ததில், அது காதுக்குள்ளேயே குடியேறிவிட்டது. பகலில் தெரியாது. தலையணையில் தலை சாய்ந்ததும் ஆரம்பித்துவிடும். "மோட்டாரை அணைச்சுட்டுதானே வந்தேன்?" என்று அவளிடமே கேட்பார். முதலில் வேடிக்கையாக இருந்தது. பிறகு இல்லை. விடியும்வரை கண் கொட்டாமல் படுத்திருந்துவிட்டுக் காலையில் முகம் வெந்துபோய் எழுவார். காதுக்கு ஒன்றும் செய்வதற்கில்லை, பழகிக்கொள்ளுங்கள் என்று காது டாக்டர் சொல்லிவிட்டார்.

கை நடுங்க ஆரம்பித்தது. பல் நிறுத்துவது மயிரிழை வேலை. ஒரு வாரத்தில் இரண்டு செட் திரும்பி வந்தன. கடித்தால் ஒரு பக்கம் தூக்குகிறது என்று எழுதியிருந்தது. இருபத்தேழு வருஷத்தில் அப்படி வந்ததில்லை. அன்று சாப்பிட உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "கை போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மறுநாள் அவள் நூலகத்துக்கு லீவு போட்டு, அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு தூக்கத்துக்கு மருந்து தரும் டாக்டரிடம் போனாள்.

இழுத்துக்கொண்டு போனது அவள்தான். இதை அவள் யாரிடமும் மறைக்கவில்லை.

முதலில் கொடுத்த மாத்திரை கேட்கவில்லை. இரண்டாவதாகக் கொடுத்தது கேட்டது. மனக் கலக்கத்துக்குக் கொடுப்பது, குறைந்த அளவில் தூக்கத்துக்கும் தருகிறோம் என்றார் டாக்டர். அன்றைக்கு அவர் தூங்கினார். பதினோரு மாதத்துக்குப் பிறகு ஆறு மணி நேரம். குறட்டை விட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவள் கரித்துக்கொட்டிய குறட்டை. அதைக் கேட்டுக்கொண்டு அவள் விழித்துக் கிடந்தாள், அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இரண்டு மாதம் போனதும் அந்த அளவு போதவில்லை. மூன்றாம் தடவை போனபோது டாக்டர் அளவைக் கூட்டி எழுதி, சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டார். அவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்தாயிற்று. கதவு திறந்து அடுத்த ஆள் உள்ளே வந்தாயிற்று. அப்போது டாக்டர் நிமிர்ந்து, "ஒரு ஈசிஜி எடுத்துப் பாத்துடுங்க. சிலருக்கு இது இதயத் துடிப்புல போய்த் தொடும். மயக்கம், படபடப்பு இருந்தா உடனே வாங்க. வேற மாத்திரை ஏதாவது ஆரம்பிச்சா எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றார்.

படி இறங்கும்போது அவள் சொன்னாள், "அப்படியே ஈசிஜி எடுத்துட்டுப் போயிடலாம்."

அவர் நின்று, பையிலிருந்து சீட்டை எடுத்துப் பிரித்து, மேலிருந்து கீழ்வரை படித்தார்.

"சீட்டுல இல்லையே."

"அவரு வாயால சொன்னாரே. நான் கேட்டேனே."

"முக்கியம்னா எழுதியிருப்பாரு."

அவள் சிரித்துவிட்டாள். அதுதான் இப்போது அவளை வாட்டுகிறது. இன்னும் இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் அவர் இதையே சொன்னார், இரண்டு தடவையும் அவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விட்டுவிட்டாள். அவர் தூங்கினார், கை நடுக்கம் நின்றது, செட் எதுவும் திரும்பி வரவில்லை. இருக்கிற சுகத்தைக் கிளறுவானேன் என்று அவளுக்கும் இருந்தது.

அளவைக் கூட்டிய மூன்றாவது வாரம் அவருக்கு இருமல் பிடித்தது. பிளாஸ்டர் தூசி எப்போதும் செய்கிற வேலை. இந்த முறை சளி கட்டி, காய்ச்சலும் வந்தது. திங்கட்கிழமை வேலைக்குப் போகிற வழியில் தெருமுனை டாக்டரைத் தனியாகவே பார்த்துவிட்டு, ஐந்து நாள் மாத்திரையோடு வந்தார். சாயங்காலம் லேபிலிருந்து ஒரு பச்சைத் தட்டு கொண்டுவந்து அலமாரியில் வைத்தார். அங்கே ஏற்கெனவே ஒரு நீலத் தட்டு இருந்தது. நீலத்தில் தூக்க மாத்திரையும் அதன் சீட்டும். பச்சையில் இருமல் மாத்திரையும் அதன் சீட்டும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி விட்டிருந்தார்.

"வேற மாத்திரை சாப்பிடறீங்களான்னு கேட்டாரா?" என்றாள்.

"கேட்டாரு. இதுக்கு வேற எதுவும் சாப்பிடலைன்னு சொன்னேன்."

"அதைச் சொல்லலையா?"

"அது வேற டாக்டர் கேஸு."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கள்ளமே இல்லை. இருபத்தேழு வருஷமாக அவரைக் காப்பாற்றிய ஒழுங்கு அது. ஒரு டாக்டரிடம் இன்னொருவர் வேலையைப் பற்றி வாய் திறப்பது அவருக்குக் கோள் சொல்வதுபோல.

அவளுக்குத்தான் உறுத்தியது. ஒரு வார்த்தை கேட்டுக்குங்க என்று சொன்னது காதில் போட்டுக்கொண்டவள் அவள் ஒருத்திதானே. மறுநாள் மத்தியானம் நீலத் தட்டுச் சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் செய்தாள். லைன் கிடைக்கவில்லை. இன்னொரு தடவை செய்தாள். பரீட்சை நேரம், மாணவர்கள் கவுன்ட்டரில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது தடவை செய்யவில்லை.

ஆனால் அன்று சாயங்காலம் அவள் ஒரு காரியம் செய்தாள். அவர் பையில் எப்போதும் கிடக்கும் லேபின் சீட்டுப் புத்தகத்தை எடுத்து, ஒரு சீட்டைக் கிழித்து, நோயாளி என்ற இடத்தில் அவர் பெயரை எழுதினாள். வேலை விவரம்: ஈசிஜி எடுக்க வேண்டும், இரண்டு டாக்டர்களிடமும் இரண்டு மாத்திரைகளையும் காட்ட வேண்டும். பல்லின் நிறம் என்ற கட்டத்தில் 'இருக்கிற நிறமே போதும்' என்று எழுதினாள். கொண்டுபோய் அவர் முன்னால் நீட்டினாள்.

அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். இருமலுக்கு நடுவில் தோள் குலுங்கச் சிரித்தார்.

"கையெழுத்து இல்லையே. கையெழுத்து இல்லாத சீட்டை லேப் எடுக்காது."

அவள் பிடுங்கி, கையெழுத்துப் போட்டு, கீழே 'மனைவி' என்றும் எழுதிக் கொடுத்தாள்.

"சரி, கேஸ் எடுத்தாச்சு" என்று தேதி போடும் இடத்தில் பேனாவை வைத்தார். "உனக்கு முன்னாடி மூணு சீட்டு இருக்கு. மூணாவது அக்காவோட செட்டு. அது வியாழக்கிழமை முடியும். நீ வெள்ளிக்கிழமை."

"ஒரு கேஸைத் தூக்கி முன்னால வெச்சா உங்க லேப் இடிஞ்சு விழுந்துடுமா? பத்து நிமிஷ வேலைங்க."

"கூடப் பொறந்தவளையே வரிசையில நிறுத்தி வெச்சிருக்கேன். கட்டினவளுக்கு மட்டும் குறுக்கு வழியான்னு கேப்பா. அப்புறம் அந்த வாய்க்கு யாரு பதில் சொல்றது?"

வெள்ளிக்கிழமை என்று எழுதினார். எழுத்தில் வந்துவிட்டால் அவர் செய்துவிடுவார் என்று அவளுக்கு உறுதியாகத் தெரியும். இடையில் இரண்டு நாள்தானே என்று சும்மா இருந்துவிட்டாள்.

புதன்கிழமை காலையில் இரண்டு தடவை வாந்தி எடுத்தார். வயிறும் போயிற்று. இருமல் மாத்திரை வயிற்றைப் பிரட்டுகிறது என்றார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "கண்ணைக் கட்டுதா?" என்று கேட்டாள். "ராத்திரி நல்லாத் தூங்கினேன்ல, அந்த மப்பு" என்றார். வியாழக்கிழமை காலையில் தெளிவாக இருந்தார். தலை வாரி, அவள் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிவிட, வழக்கம்போலப் படியிறங்கிப் போனார். திரும்பிப் பார்க்கவில்லை. என்றைக்கும் அவர் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் சின்னப் பெண். என்ன மாத்திரைகள் சாப்பிட்டார் என்று கேட்டாள். மெழுகு வீட்டுக்கு ஓடி, இரண்டு தட்டுகளையும் கைக்கொன்றாக ஏந்திக்கொண்டு வந்தார். கலந்துவிடக்கூடாது என்று அப்போதும் தள்ளித் தள்ளிப் பிடித்திருந்தார். அந்தப் பெண் இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அதே வீட்டில் இருந்தும், அவை ஒன்றாகக் கிடப்பதை இவள் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தாள்.

"ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவுல இதயம் தயாராக ஒரு சின்ன நேரம் எடுத்துக்கும்மா" என்றாள் அந்தப் பெண். "இந்தத் தூக்க மாத்திரை சிலருக்கு அந்த நேரத்தை நீட்டும். இந்த இருமல் மாத்திரையும் நீட்டும். வாந்தி, பேதியில உப்புச் சத்தும் இறங்கியிருக்கும். எல்லாம் சேர்ந்தா துடிப்பு தாறுமாறாப் போய் நின்னுடலாம். அப்படித்தான் ஆயிருக்கணும். முன்னாடி ஈசிஜி ஏதாவது இருக்கா?"

"வெள்ளிக்கிழமை எடுக்கறதா இருந்தது."

அந்தப் பெண் எழுதிக்கொண்டிருந்த பேனாவை நிறுத்தினாள். "ரெண்டையும் யாராவது ஒருத்தர் சேர்த்துப் பாத்திருந்தா..." என்று தொடங்கியவள், எதிரே நிற்பவளின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

அக்கா வந்து சேர்ந்தபோது சாயங்காலம். தம்பியின் தலைமாட்டில் நெடுநேரம் நின்றார். பிறகு அவள் பக்கம் திரும்பி, "நீதானே அவனை அந்த டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போனே" என்றார்.

"ஆமாக்கா."

சுற்றி இருந்தவர்கள் அக்காவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அந்த வாய் எப்படி என்று எல்லோருக்கும் தெரியும். அக்கா அவள் பக்கத்தில் வந்து, இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"தூக்கம் வரலைன்னு அவன் மொதல்ல எங்கிட்டதான் சொன்னான். எங்கிட்ட ஏன்டா சொல்றே, உன் பொண்டாட்டிகிட்ட சொல்லு, அவ ஏதாவது செய்வான்னேன்." பொக்கை வாயில் வார்த்தைகள் வழுக்கின. "நான் சொல்லித்தான் உங்கிட்ட சொன்னான். தெரியுமா உனக்கு?"

அவளுக்குத் தெரியாது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

வீட்டில் இப்போது ராத்திரிகள் அமைதியாக இருக்கின்றன. அவர் சொன்ன அந்த ரீங்காரம் எப்படி இருந்திருக்கும் என்று அவள் காது கொடுத்துப் பார்ப்பாள். ஒன்றும் கேட்பதில்லை. அக்கம்பக்கத்தில் ஒருத்தி, தூங்குவதற்கு ஏதாவது மாத்திரை வாங்கிக்கொள்ளேன் என்று நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் உள்ளே போய்விட்டாள்.

இரண்டு மாதம் கழித்து அவருடைய சாப்பாட்டுப் பையை எடுத்துவர லேபுக்குப் போனாள். மருந்துக்கடைக்குப் பக்கத்துப் படி. மெழுகு தனியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கம் அவருடைய நாற்காலி உள்ளே தள்ளியிருந்தது. மேசையைத் துடைக்கிறார், தூசி இல்லை. ஆனால் எதையும் நகர்த்தவில்லை. கிளிப்பில் இரண்டு சீட்டுகள் இருந்தன. மேலே அக்காவுடையது. கீழே அவள் கையெழுத்துப் போட்டது.

"அக்கா செட்டை நான் முடிச்சுக் குடுத்துடட்டுமா அண்ணி?" என்று கேட்டார் மெழுகு.

"குடுத்துடுங்க. பாவம், எத்தனை நாள் சாப்பிடக் கஷ்டப்படுவாங்க."

"சரிங்க அண்ணி."

அது நடந்து இன்னொரு மாதம் ஆகிறது. அக்கா கேட்கவில்லை. மெழுகு அனுப்பவில்லை. செட் அவர் வைத்த மஞ்சள் தட்டிலேயே, மேல்தாடையோடு கீழ்த்தாடையைக் கடிக்க வைத்துப் பார்க்கும் பித்தளைக் கருவியில் பொருத்தியபடி இருக்கிறது. கீழ்வரிசைக்குப் பதினான்கு பல். பதின்மூன்றை அவர் நிறுத்தியிருக்கிறார். இடது ஓரத்தில், கடைசிப் பல்லுக்கு மெழுகில் குழி மட்டும் எடுத்திருக்கிறது.